எல்ஜி டிஸ்ப்ளே பங்கை வாங்கலாமா? ஈரோடு டிவி விற்பனையாளருக்கு ஒரு பதில்

கேள்வி: ஈரோட்டில் 22 ஆண்டுகளாக டிவி, ஃபிரிட்ஜ் விற்கும் கடை நடத்துகிறேன். 2025 அக்டோபரில் எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் இந்தியா பங்கு வெளியீட்டில் எனக்கு ஒரு லாட் கிடைத்தது. பட்டியலான அன்று காலையிலேயே விற்றதில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் லாபம். இந்தத் தீபாவளிக்குப் பெரிய திரை டிவிகளும் ஓஎல்இடி டிவிகளும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நகர்ந்தன. அந்தத் திரைகளைச் செய்வது எல்ஜி டிஸ்ப்ளே என்றும், அதன் பங்கு அமெரிக்கச் சந்தையில் ஒற்றை இலக்க டாலருக்கே கிடைக்கிறது என்றும், நட்டத்தில் கிடந்த நிறுவனம் இப்போது லாபத்துக்குத் திரும்பிவிட்டது என்றும் என் மகன் சொல்கிறான். சீசன் முடிந்து கையில் இருக்கும் 12 லட்சம் ரூபாயை அதில் போடலாம் என்று நினைக்கிறேன். பொருளைப் பற்றி எனக்குத் தெரியும். நிறுவனத்தைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியே பாதிப் பதில். பொருள் வேறு, நிறுவனம் வேறு என்பதை நீங்களே பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரிவினையை இன்னும் சற்றுத் தூரம் கொண்டுபோவதுதான் இந்தப் பதிலில் நான் செய்யப்போவது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் லாபம் பார்த்தது எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் இந்தியாவின் பங்கில். அது நொய்டாவிலும் புனேவிலும் ஆலை வைத்து, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி ஆகியவற்றைச் செய்து விற்கும் இந்திய நிறுவனம். கொரியாவின் எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் அதன் தாய் நிறுவனம். எல்ஜி டிஸ்ப்ளேயோ கொரியாவில் தனியாகப் பட்டியலிடப்பட்ட நிறுவனம். கொரிய எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் அதில் ஏறத்தாழ 37 சதவீதப் பங்கை வைத்திருக்கிறது என்பதைத் தவிர, ஈரோட்டில் நீங்கள் விற்கும் ஃபிரிட்ஜுக்கும் அதன் லாப நட்டக் கணக்குக்கும் தொடர்பில்லை. ஒன்று வீட்டுப் பொருளை வாடிக்கையாளரிடம் விற்கும் தொழில், மற்றொன்று கண்ணாடித் தகட்டில் மின்சுற்றைப் பதித்து, அதைத் திரையாக்கி, டிவி, கைபேசி, கணினி செய்யும் நிறுவனங்களுக்கு விற்கும் தொழில். முதலாவதில் பிராண்டுக்கு மதிப்புண்டு; இரண்டாவதில் வாங்குகிறவர் அடுத்த காலாண்டில் வேறொருவரிடம் போய்விட முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். உங்கள் கடையில் எல்ஜி என்ற பெயரோடு நிற்கும் சாதாரண எல்இடி டிவியின், அதாவது பின்விளக்கு வைத்த எல்சிடி டிவியின், உள்ளே இருப்பது எல்ஜி டிஸ்ப்ளேயின் திரை அல்ல. கொரியாவில் டிவிக்கான எல்சிடி திரை உற்பத்தியை அந்த நிறுவனம் 2022இன் இறுதியில் நிறுத்திவிட்டது. சீனாவின் குவாங்சோவில் மிச்சமிருந்த எல்சிடி ஆலையை டிசிஎல் குழுமத்தின் சிஎஸ்ஓடி நிறுவனத்துக்கு 1,080 கோடி யுவானுக்கு விற்க 2024 செப்டம்பரில் ஒப்புக்கொண்டு, 2025 ஏப்ரலில் சாவியைக் கொடுத்துவிட்டது. எல்சிடி டிவித் திரைகளில் இன்று மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சீன ஆலைகளில் இருந்துதான் வருகிறது. எல்ஜி எலெக்ட்ரானிக்ஸும் பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறது. ஆகவே உங்கள் தீபாவளி விற்பனையில் எல்ஜி டிஸ்ப்ளேவுக்கு ஏதேனும் போய்ச் சேர்ந்திருந்தால், அது நீங்கள் விற்ற ஓஎல்இடி டிவிகளின், அதாவது பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் டிவிகளின், வழியாகத்தான்.

அந்த ஓஎல்இடியும் எவ்வளவு? உலகில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டிவிகள் விற்கின்றன. அவற்றில் ஓஎல்இடி 60 லட்சத்தை ஒட்டியே நிற்கிறது, அதாவது நூற்றுக்கு மூன்று. எல்ஜி முதல் 55 அங்குல ஓஎல்இடி டிவியைக் கொரியாவில் விற்பனைக்கு விட்டது 2013 ஜனவரியில். பன்னிரண்டு ஆண்டுகளாக விமர்சகர்கள் ஒருமுகமாகப் பாராட்டும் ஒரு பொருள் இன்னும் நூற்றுக்கு மூன்றில் நிற்கிறது என்றால், குறை படத்தின் தரத்தில் இல்லை. அதே விலைக்கு இன்னும் பெரிய எல்சிடி டிவி கிடைக்கும்போது நடுக்கூடத்துக்கு வாங்கும் குடும்பம் எதைக் கேட்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஓஎல்இடியின் கருமையை நீங்கள் ஐந்து நிமிடம் விளக்கியபின், பக்கத்தில் நிற்கும் 75 அங்குல மினி எல்இடி டிவியை (அதுவும் எல்சிடிதான்) காட்டி "அது என்ன விலை?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். கொரியக் கணக்குகளைப் படிக்க ஒரு சிறு வசதி: அவர்கள் டிரில்லியன் என்பது நமக்கு லட்சம் கோடி. ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 16 வொன் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கோடி வொன் என்பது ஆறாயிரம் கோடி ரூபாய் சொச்சம்.

எல்ஜி டிஸ்ப்ளே 2017இல் 27.8 லட்சம் கோடி வொன்னுக்கு விற்று 2.46 லட்சம் கோடி வொன் செயல்பாட்டு லாபம் (வட்டியும் வரியும் கழிக்கும் முன் தொழிலில் மிஞ்சுவது) ஈட்டியது. அடுத்த ஆண்டே அந்த லாபம் ஏறக்குறையக் காணாமல் போனது, 2019இல் 1.36 லட்சம் கோடி நட்டம். பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே வீட்டுக்குள் அடைந்து டிவியும் மடிக்கணினியும் வாங்கியபோது, 2021இல் 2.23 லட்சம் கோடி லாபம் திரும்பிவந்தது. அதற்கு மறு ஆண்டு 2.09 லட்சம் கோடி நட்டம், 2023இல் 2.51 லட்சம் கோடி நட்டம், 2024இல் 56 ஆயிரம் கோடி நட்டம். இந்தக் கடைசி மூன்று ஆண்டுகளின் செயல்பாட்டு நட்டத்தை மட்டும் கூட்டினால் ஐந்து லட்சம் கோடி வொன்னைத் தாண்டுகிறது. வட்டி, ஆலைகளின் மதிப்புக் குறைப்பு எல்லாம் சேர்ந்த நிகர நட்டம் எட்டு லட்சம் கோடிக்கும் மேல். நம் பணத்தில் அது ஐம்பதாயிரம் கோடி ரூபாய்.

உங்கள் மகன் சொன்னதும் பொய்யில்லை. 2025இன் முதல் காலாண்டில் 3,350 கோடி வொன் லாபம், இரண்டாவதில் 11,600 கோடி நட்டம், மூன்றாவதில் 43,100 கோடி லாபம். ஒன்பது மாதக் கணக்கு சுமார் 34,850 கோடி வொன் லாபத்தில் நிற்கிறது. ஆண்டு முழுவதற்குமான கணக்கு லாபத்தில் முடிந்தால் அது 2021க்குப் பின் முதல் முறையாக இருக்கும். நிறுவனம் மீண்டுவருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. மீட்சியின் பயன் யாருக்குப் போய்ச் சேரும் என்பதே உங்களுக்கும் எனக்கும் முக்கியம்.

மூன்றாம் காலாண்டின் விற்பனையைப் பிரித்துப் பார்த்தால் முதல் அதிர்ச்சி கிடைக்கும். கைபேசியும் அதைச் சார்ந்தவையும் 39 சதவீதம். மானிட்டர், மடிக்கணினி, டேப்லெட் 37 சதவீதம். டிவி 16 சதவீதம். காருக்கான திரைகள் 8 சதவீதம். நீங்கள் டிவி நிறுவனம் என்று நினைத்து வாங்கப்போகும் இந்தப் பங்கு, உண்மையில் டிவித் திரையைவிடக் கைபேசித் திரையை அதிகம் விற்கும், ஐபோனை நம்பிய நிறுவனத்தின் பங்கு. ஆப்பிளின் புதிய மாடல்கள் செப்டம்பரில் வருவதால் ஆண்டின் பின்பாதி செழிப்பாகவும், வசந்த காலம் வறட்சியாகவும் இருப்பது அங்கே வழக்கம். 2025இன் இரண்டாம் காலாண்டு நட்டத்துக்கும் மூன்றாம் காலாண்டு லாபத்துக்கும் நடுவில் அந்தப் பருவ மாற்றமும் இருக்கிறது. சீசன் மாதத்துக் கல்லாவை வைத்து ஒரு கடையை யாராவது விலை பேசினால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். ஆடி மாதக் கணக்கையும் காட்டச் சொல்வீர்கள்.

உங்கள் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் இங்கே எவ்வளவு உதவும் என்பதையும் இந்த 16 சதவீதமே சொல்லிவிடுகிறது. கடைத்தளத்தில் நின்று நீங்கள் பார்ப்பது அந்த நிறுவனத்தின் வியாபாரத்தில் ஆறில் ஒரு பங்கை. அதிலும் ஈரோட்டின் பங்கு கடுகளவு. அமெரிக்காவில் ஒரு கைபேசி மாடல் ஓடுமா ஓடாதா, ஆப்பிள் தன் அடுத்த ஆர்டரில் சாம்சங் டிஸ்ப்ளேவுக்கு எவ்வளவு, எல்ஜி டிஸ்ப்ளேவுக்கு எவ்வளவு, சீனாவின் பிஓஇ நிறுவனத்துக்கு எவ்வளவு என்று பிரிக்கும், இவையெல்லாம் உங்கள் கண்ணுக்கு எட்டாதவை. எனக்கும்தான்.

இந்தத் தொழில் ஏன் இப்படிக் கரையேறுவதும் மூழ்குவதுமாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்தால் போதும். 8.5ஆம் தலைமுறை ஆலை என்று சொல்லப்படும் இடத்தில் பயன்படும் தகடு 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர். அதிலிருந்து 55 அங்குலத் திரை ஆறு வெட்டலாம், அதிகம் வீணாகாது. அதே தகட்டில் 65 அங்குலம் வெட்டினால் மூன்றுதான் வரும். ஓரத்தில் அகலமான துண்டு மிஞ்சும், அதில் சின்னத் திரைகளை வெட்டி ஒப்பேற்ற வேண்டும். சீனர்கள் கட்டிய 10.5ஆம் தலைமுறை ஆலையின் தகடு 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர், அதில் 65 அங்குலம் எட்டு வரும். வாடிக்கையாளர் 55இல் இருந்து 65க்கு மாறியபோது, பழைய ஆலை வைத்திருந்தவரின் இயந்திரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, தொழிலாளி யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் ஒரு தகட்டுக்கான வருமானம் எதிராளிக்குச் சாதகமாக மாறிவிட்டது. நம் ஊர்த் தையற்காரருக்குத் தெரியும் இந்தக் கணக்கு: துணியின் அகலம் சரியில்லையென்றால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெட்டில் நட்டம்தான்.

ஆலையைக் கட்டியபின் அதை நிறுத்திவைக்கவும் முடியாது. பல ஆயிரம் கோடி ரூபாய் போட்டு வாங்கிய இயந்திரத்துக்கான தேய்மானம் (அதன் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவது), திரை விற்றாலும் விற்காவிட்டாலும் மாதா மாதம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே விலை விழும்போதும் எல்லோரும் ஓட்டுகிறார்கள். எல்லோரும் ஓட்டுவதால் விலை இன்னும் விழுகிறது. 2020இன் நடுவில் தொடங்கி ஓராண்டுக்குள் டிவித் திரைகளின் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகி, 2022 இலையுதிர் காலத்துக்குள் பழைய விலைக்கும் கீழே போனது நினைவிருக்கும். அந்த ஏற்றத்தில் கம்பெனிகள் உங்களுக்கு மாதாமாதம் விலை உயர்த்திப் பட்டியல் அனுப்பியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த ஊசலாட்டம் தாங்காமல்தான் ஒரு காலத்தில் எல்சிடி தயாரிப்பாளர்கள் கூடி விலையைப் பேசி வைத்துக்கொண்டார்கள். எல்ஜி டிஸ்ப்ளே அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2008இல் அமெரிக்காவில் 40 கோடி டாலர் அபராதம் கட்டியது. 2010இல் ஐரோப்பிய ஆணையம் 21.5 கோடி யூரோ விதித்தது. கூட்டுச் சேர்ந்தும் தப்ப முடியாத தொழில் என்று அப்போது என் நண்பர் ஒருவர் சொன்னது சற்றுக் கடுமையான தீர்ப்பு, ஆனால் முழுக்கத் தவறில்லை.

தேய்மானத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இப்போதைய லாபத்தின் ரகசியத்தில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. 2025 மூன்றாம் காலாண்டில், தேய்மானத்தைக் கழிப்பதற்கு முன் நிறுவனத்துக்கு மிஞ்சியது 1.42 லட்சம் கோடி வொன். கழித்தபின் நின்றது 43 ஆயிரம் கோடி. நடுவில் கரைந்தது ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வொன், அதுவும் தொண்ணூறு நாளில். குவாங்சோவில் உள்ள பெரிய ஓஎல்இடி ஆலை 2020இன் நடுவில் முழு உற்பத்திக்கு வந்தது. இத்தகைய இயந்திரங்களைச் சுமார் ஐந்தாண்டில் கணக்கிலிருந்து கழித்துவிடுவது வழக்கம். அதனால் 2025இன் பின்பாதியில் இருந்து ஒவ்வொரு டிவித் திரைக்கும் ஏறும் தேய்மானச் சுமை இறங்குகிறது. திரை அதேதான், விலை அதேதான், ஆனால் லாபம் தெரிகிறது. இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. முன்பு கணக்கில் நட்டமாகக் காட்டியதன் மறுபக்கம் இது. ஆனால் லாரியின் தவணை முடிந்த மாதத்தில் இருந்து கையில் காசு நிற்பதைப் பார்த்து, வாடகை ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. லாரி பழசாகிக்கொண்டிருக்கிறது, அடுத்த லாரியை எப்போது, யார் பணத்தில் வாங்குவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அந்த அடுத்த லாரிதான் எனக்குக் கவலை தருகிறது. டேப்லெட்டும் மடிக்கணினியும் எல்சிடியில் இருந்து ஓஎல்இடிக்கு மாறும் என்ற கணிப்பில், சாம்சங் டிஸ்ப்ளே 8.6ஆம் தலைமுறை ஓஎல்இடி ஆலைக்கு 4.1 லட்சம் கோடி வொன் ஒதுக்குவதாக 2023 ஏப்ரலில் அறிவித்தது. சீனாவின் பிஓஇ செங்டுவில் 6,300 கோடி யுவானில் அதே தலைமுறை ஆலையைக் கட்டத் தொடங்கியது. எல்ஜி டிஸ்ப்ளே அந்தப் பந்தயத்தில் இறங்கவில்லை. இருக்கும் ஆலைகளை மேம்படுத்த இரண்டு ஆண்டுகளில் 1.26 லட்சம் கோடி வொன் என்று 2025 ஜூனில் அறிவித்ததோடு நிறுத்திக்கொண்டது. 2023 இறுதியில் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜியோங் சியோல் டோங் செலவைக் கட்டுப்படுத்தும் மனிதர். கடன் கழுத்தை நெரிக்கும்போது புது ஆலைக்கு ஆசைப்படாதது பொறுப்பான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் ஐந்து ஆண்டு கழித்து, பெரிய தகட்டில் மலிவாக வெட்டுகிறவர்கள் சந்தைக்கு வந்தபின், இதே நிதானம் பின்தங்கியதாகவும் படிக்கப்படலாம். 65 அங்குலக் கதை திரும்ப நடக்காது என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

தரம் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடும் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் சொல்லாமல் இருக்கிறது. நீங்கள் பிளாஸ்மா டிவி விற்ற தலைமுறை. அந்தப் படத்தின் ஆழத்தை எல்சிடி அன்று தொடவே முடியவில்லை என்று சொன்னவர்கள் ஏராளம். பயனியர் நிறுவனம் செய்த பிளாஸ்மா டிவிகளை இன்றும் மெச்சுகிறவர்கள் உண்டு. பயனியர் 2009இல் டிவித் தொழிலை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. பானாசோனிக் அமகசாகியில் மாபெரும் பிளாஸ்மா ஆலைகளைக் கட்டி, 2012 மார்ச், 2013 மார்ச்சில் முடிந்த இரு நிதியாண்டுகளிலும் தலா 75 ஆயிரம் கோடி யென்னுக்கு மேல் நட்டம் காட்டி, 2013 இறுதியில் பிளாஸ்மாவைக் கைவிட்டது. ஷார்ப் நிறுவனம் 2009இல் சகாயில் திறந்த ஆலை அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய கண்ணாடியை வெட்டியது. அந்த நிறுவனம் 2016இல் தைவானின் ஃபாக்ஸ்கான் கைக்குப் போனது, சகாய் ஆலையில் டிவித் திரை உற்பத்தி 2024இல் நின்றது. இவற்றில் எந்த நிறுவனமும் மட்டமான பொருள் செய்து கெடவில்லை.

எல்ஜி டிஸ்ப்ளேவின் பலங்களையும் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலையாக எழுதியவன் ஆவேன். பெரிய ஓஎல்இடி டிவித் திரையில் அதற்கு உண்மையான எதிராளி சாம்சங் டிஸ்ப்ளே ஒன்றுதான். சாம்சங் எலெக்ட்ரானிக்ஸே 2023 முதல் தன் சில ஓஎல்இடி டிவிகளுக்கு எல்ஜி டிஸ்ப்ளேயிடம் திரை வாங்குகிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி அடுக்காக ஒளிரவிட்டு 4,000 நிட் வெளிச்சத்தை எட்டும் திரையை 2025 ஜனவரியில் காட்டினார்கள். ஓஎல்இடி மங்கல் என்று வாடிக்கையாளர் சொல்லும் பழைய குறை இதனால் பெருமளவு தீரும். ஐபேட் ப்ரோவின் இரட்டை அடுக்குத் திரை, காருக்குள் வரும் நீண்ட திரைகள் ஆகியவற்றில் அவர்களின் கை ஓங்கியிருக்கிறது. விற்பனையில் ஓஎல்இடியின் பங்கு 65 சதவீதத்தை எட்டியிருப்பது, சீனர்களோடு விலையில் மோத வேண்டிய எல்சிடி சரக்கு குறைந்துவருவதைக் காட்டுகிறது. 2026இல் இந்த நிறுவனம் லாபத்தில் நிற்க வாய்ப்பு அதிகம் என்பதே என் கணிப்பு. நினைவகச் சிப்புகளின் விலை ஏறிக்கொண்டிருப்பதால் கைபேசி, டிவி தயாரிப்பாளர்கள் மற்ற பாகங்களில் விலையைப் பிழிவார்கள் என்ற ஒரு தடை மட்டும் உடனடியாகக் கண்ணில் படுகிறது.

லாபம் வந்தால் பங்குதாரருக்கு என்ன வரும்? 2024 இறுதியில் நிறுவனத்தின் மொத்தக் கடன் பொறுப்புகள் அதன் சொந்த மூலதனத்தைப் போல மூன்று மடங்கு. 2025 செப்டம்பரில் அது ஏறத்தாழ 2.6 மடங்காக இறங்கியிருக்கிறது. குவாங்சோ ஆலையை விற்ற பணம் இதற்குக் கைகொடுத்தது. 2023இல் கொரிய எல்ஜி எலெக்ட்ரானிக்ஸிடம் ஒரு லட்சம் கோடி வொன் கடன் வாங்கித்தான் காலத்தை ஓட்டினார்கள். இனி வரும் லாபத்தில் முதலில் வங்கிகள், பிறகு இயந்திரம், அதற்குப் பிறகுதான் பங்குதாரர். 2021ஆம் ஆண்டுக்கு ஒரு பங்குக்கு 650 வொன் ஈவுத்தொகை கொடுத்தபின் அவர்கள் எதுவும் கொடுக்கவில்லை.

அதைவிடக் கூர்மையான அனுபவம் 2024 மார்ச்சில் வந்தது. பணம் போதாமல், உரிமைப் பங்கு வெளியீட்டின் மூலம், அதாவது இருக்கும் பங்குதாரர்களிடமே புதுப் பங்குகளை விற்று, சுமார் 1.3 லட்சம் கோடி வொன் திரட்டினார்கள். அதற்கு முன் 35.78 கோடியாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை அன்றோடு 50 கோடி ஆனது. பழைய பங்குதாரர் ஒருவர் கூடுதல் பணம் போடாமல் இருந்திருந்தால், அவரிடம் இருந்த நூறு பைசா உரிமை ஏறத்தாழ எழுபத்தொன்றரைப் பைசாவாகச் சுருங்கிவிட்டது. நிறுவனம் பிழைத்தது, அவருடைய பங்கு மெலிந்தது. 2021இன் உச்சத்தில், "திரை விலை ஏறுகிறது" என்று என்னிடம் வந்த ஒருவர் நான் தடுத்தும் இந்தப் பங்கை வாங்கினார். 2024 முடிவில் அது பாதிக்கும் கீழே இருந்தது. நல்ல லாபச் செய்தி தலைப்பில் வரும்போது சுழற்சியின் பாதி தூரம் கடந்திருக்கும் என்பதை அவரிடம் இருந்துதான் நானும் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

ஒற்றை இலக்க டாலர் என்பதால் மலிவு என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் விற்பது பங்கு அல்ல, பங்குக்கான சீட்டு. அப்படி இரண்டு சீட்டு சேர்ந்தால்தான் கொரியாவின் ஒரு பங்கு. விலைச்சீட்டின் எண்ணைவிட, மொத்த 50 கோடிப் பங்குகளின் மதிப்போடு கடனையும் கூட்டி, அது தேய்மானத்துக்கும் இயந்திரச் செலவுக்கும் பின் மிஞ்சும் பணத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்ப்பதுதான் முறை. இதில் வொன், டாலர், ரூபாய் என்று மூன்று நாணயங்களின் ஏற்ற இறக்கமும் உங்கள் தலையில் விழும்.

ஆகவே என் ஆலோசனை: 12 லட்சத்தை இதில் போடாதீர்கள். சுழற்சித் தொழில்களில் ஆர்வம் இருந்து, முழுதாகப் போனாலும் கடைக்கோ குடும்பத்துக்கோ அசைவு வராத ஒரு தொகை இருந்தால், ஒரு லட்சத்துக்குள் வாங்கி, நான்கு காலாண்டுகள் மகனோடு உட்கார்ந்து கணக்கைப் படியுங்கள். படிக்கும்போது செயல்பாட்டு லாபத்தைத் தாண்டி மூன்று இடங்களில் கண் வையுங்கள்: கடன் விகிதம் தொடர்ந்து இறங்குகிறதா, ஜூன் வரையிலான வறண்ட பாதியிலும் நட்டம் இல்லாமல் நிற்கிறதா, புது ஆலை அறிவிப்பு வந்தால் அதற்குப் பணம் எங்கிருந்து என்று சொல்கிறார்களா. மூன்றாவதுக்குத் தெளிவான விடை இல்லாத அன்றைக்கு, இன்னொரு உரிமைப் பங்கு வெளியீடு வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு விற்றுவிடுங்கள்.

வாங்கினால் நம் பக்கத்து விதிகளும் உண்டு. ஒரு நிதியாண்டில் ஒருவர் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதால் அளவில் தடையில்லை. ஆனால் முதலீட்டுக்காக ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் மிகுதித் தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். 12 லட்சம் என்றால் 40 ஆயிரம் ரூபாய். வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை அது முடங்கும். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான அடுக்குக்கான வரி. வெளிநாட்டுச் சொத்துகளுக்கான பட்டியலில் ஒவ்வோர் ஆண்டும் இதைக் காட்ட வேண்டும். தொகை சிறிதுதானே என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் ஆடிட்டரிடம் வாங்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

மிச்சப் பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். டிவி, ஃபிரிட்ஜ் கடைகளுக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் கணக்கு (வேண்டும்போது எடுத்து, கையில் இருக்கும்போது கட்டும் கடன் கணக்கு) இருப்பது வழக்கம். உங்களுக்கும் இருந்து, அதன் வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இந்த 12 லட்சத்தை அங்கே இறக்கி வைப்பதாலேயே ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் மிச்சம். பொங்கலுக்குச் சரக்கு எடுக்க ஆர்டர் போடும் வாரத்தில் அந்தப் பணம் அப்படியே உங்கள் கைக்குத் திரும்பிவரும். கடன் கணக்கு எதுவும் இல்லையென்றால் எழுதுங்கள். உங்கள் வயதையும் மகனின் படிப்புச் செலவையும் குறிப்பிட்டால் வேறு வழி சொல்கிறேன்.